அடையாற்றில் பிறந்த மாதர் சங்கம்

ஸ்ரீவராகத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் விழா எடுக்கும்போது, மகளிர்க்கெனக் கோலப்போட்டியும் திருவிளக்கு வழிபாடும் ஒதுக்கப்படுவது வழக்கம். அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், மாதர் ஒன்றுகூடின் சட்டத்தையே மாற்ற இயலும் என்பதற்கு 1917 மே 8ஆம் நாள் சென்னை அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கமே சான்றாகும்.

அயர்லாந்துப் பெண்மணியான மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் இதனைத் தொடங்க முன்னின்றனர். அன்னி பெசன்ட் அம்மையார் முதல் தலைவரானார். அவ்வாண்டே இந்திய அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வரவிருந்தார். பெண்கல்வி குறித்து முறையிட இசைவு வேண்டினார் கசின்ஸ். அரசியல் பொருள் பற்றி வருவோரையே காண இயலும் என்று விடை வந்தது. கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு இத்தகைய விடை புதிதன்று! அம்மையாரோ சோர்ந்துவிடவில்லை, வாக்குரிமையையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டார். டிசம்பர் 18ஆம் நாள் சரோஜினி நாயுடு தலைமையில் மகளிர் குழு அமைச்சரைக் கண்டது. 1921இல் சென்னைச் சட்டசபை மகளிர்க்கு வாக்குரிமை அளித்தது. சொத்துத் தகுதியுடைய சிலருக்கே அது கிட்டிற்று என்பதையும் மறைத்தலாகாது.

இதனையொத்த முயற்சி கடல் கடந்தும் நிகழ்ந்தது. 1913இல் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவியர் 22 பேர் ‘டெல்டா சிக்மா தீட்டா’ என்னும் சகோதரியர் சங்கத்தை நிறுவினர். அவர்கள் இறங்கிய முதற் பொதுப்பணி, அவ்வாண்டு மார்ச்சு 3ஆம் நாள் நடந்த வாக்குரிமைப் பேரணியாகும்.

கசின்ஸ் அம்மையாரின் முயற்சியால் 1927இல் புனேயில் அகில இந்திய மாதர் மாநாடு கூடிற்று. அம்மாநாடு 1935 டிசம்பரில் நம் திருவனந்தபுரத்திற்கே வந்தது. சேது பார்வதி பாய் மகாராணியார் தலைமை தாங்க, அமெரிக்கரான மார்கரெட் சாங்கர் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார். எதிர்ப்பு எழுந்தும் தீர்மானம் நிறைவேறிற்று. வீட்டிற்குள்ளும் வாய்விட்டுப் பேசாத பொருளை, அன்றைய மாதர் அவையில் வைத்து வாதாடினர்!

சங்கத்தார் வளர்த்த பணிகளுள் நெஞ்சை உருக்குவது புற்றுநோய்ப் பணியேயாம். 1927இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை அவர் மருத்துவமனையாக்க முனைந்தார், சங்கம் துணைநின்றது. 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாற்றில் எளிய குடிலில் அது தொடங்கிற்று. இன்று பல மாநிலத்து நோயாளிகள் நாடிச் செல்லும் அந்நிலையத்தின் பெயரோடு, ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்னும் அம்மாதர் சங்கத்தின் முதலெழுத்துகள் இன்றும் இணைந்தே நிற்கின்றன.