நைனா அணைத்த ரேடியோ

கோட்டுக்கு இந்தப் பக்கம் – 17

சென்ற வாரம் லயோலா கல்லூரி டென்னிஸ் திடலில் நிறுத்தியிருந்தோம். கல்லூரி மாணவர்களுக்கென்று நடக்கும் பெர்ட்ரம் நினைவுப் போட்டியில், பதின்மூன்று வயதுப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தனி அனுமதி வாங்கிக்கொண்டு நுழைந்த கதை அது. 1937இல் நாகர்கோவிலில் பிறந்து, அப்பா டி.கே. ராமநாதனிடமே ஆட்டம் பயின்ற அந்தப் பையன் ராமநாதன் கிருஷ்ணன். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் முறை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். அவரை வென்ற இருவருமே அந்தந்த வருடம் கோப்பையைத் தூக்கினார்கள்.

இந்த வாரக் கதையில் கிருஷ்ணனுக்கு வயது 29. மாதம் 1966 டிசம்பர். அவர் இருந்தது கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில். நான் இருந்தது பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில், ஒரு வாடகை சைக்கிள் கடை வாசலில். எனக்குப் பதினொரு வயது.

கடைக்காரரை ஊரே ‘நைனா’ என்றுதான் கூப்பிடும். கடையில் ஏழெட்டு சைக்கிள், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் ஆணி அடித்து மாட்டிய தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். பஞ்சரான ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே காதை ரேடியோவில் வைத்திருப்பார். வர்ணனை இங்கிலீஷில் ஓடும். எனக்குப் புரிந்தது கிருஷ்ணன் என்ற பேரும் எண்களும் மட்டும்தான். நைனாவுக்கும் அதற்கு மேல் புரிந்திருக்காது. ஆனால் எண்ணைக் கேட்டே முகம் மாறும். கிருஷ்ணனுக்கு ஒரு கேம் கிடைத்தால் பம்பு கொஞ்சம் வேகமாக அடிக்கும்.

அன்றைய டேவிஸ் கோப்பை இன்றைக்கு நடப்பது மாதிரி இல்லை. சென்ற வருடம் கோப்பையை வென்ற நாடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். மற்ற நாடுகள் எல்லாம் வருடம் முழுக்கத் தங்களுக்குள் மோதி, கடைசியில் மிஞ்சும் ஒரே ஒரு நாடு போய் அதனுடன் ஆட வேண்டும். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு சேலஞ்ச் ரவுண்ட் என்று பெயர். 1966இல் மெல்போர்னில் காத்திருந்தது ஆஸ்திரேலியா. அங்கே போகும் டிக்கெட்டுக்காகக் கல்கத்தாவில் முட்டிக்கொண்ட நாடுகள் இந்தியாவும் பிரேசிலும்.

ஒரு மோதலில் நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர். முதலில் மூன்று வென்றவருக்கு வெற்றி. கணக்கு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. மிச்சமிருந்தது கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோச்சுக்குமான ஆட்டம். கோச்சுக்கு 21 வயது, இடதுகைக்காரர். முதல் செட் 6–3 என்று அவருக்குப் போனது. இரண்டாவது 6–4 கிருஷ்ணனுக்கு. அந்தக் காலத்தில் டைபிரேக்கர் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். மூன்றாவது செட் அப்படித்தான் இழுத்து 12–10 என்று கோச் பக்கம் சாய்ந்தது. நான்காவது செட்டில் கோச் 5–2 முன்னிலை. இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் பிரேசில் மெல்போர்னுக்கு விமானம் ஏறிவிடும்.

நைனா பம்பைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். ஆணியருகே போனார்.

“இன்னும் கொஞ்சம் கேக்கலாம் நைனா.”

“தோக்கறத கேக்கறதுக்கு பேட்டரி எதுக்குடா வீணாவணும்?”

டக்கென்று குமிழைத் திருகினார். கடையில் ட்யூபிலிருந்து காற்று போகும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் மேலும் தப்பில்லை. அந்த நாளில் பேட்டரி மாற்றுவது ஒரு வீட்டுச் செலவு. ஜெயிக்கிற ஆட்டத்துக்கே கணக்குப் பார்த்துத்தான் ரேடியோ போடுவார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பர். நைனாதான் முதலில் எடுத்தார். தலைப்பைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். 3–6, 6–4, 10–12, 7–5, 6–2. கிருஷ்ணன் ஜெயித்திருந்தார். இரண்டுக்கு ஐந்தில் இருந்தவர் வரிசையாக ஐந்து கேம் எடுத்து நான்காவது செட்டை முடித்திருந்தார். ஐந்தாவது செட்டில் கோச்சுக்குக் கிடைத்தது வெறும் இரண்டு கேம். நைனா ரேடியோவை அணைத்த பிறகு நடந்தது மொத்தம் பதின்மூன்று கேம், அதில் பதினொன்று கிருஷ்ணனுக்கு. இந்திய டென்னிஸ் முதல்முறையாக டேவிஸ் கோப்பையின் கடைசிப் படியில் கால் வைத்திருந்தது.

டீக்கடையில் எல்லோரும் அதையே பேசினார்கள். நைனா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நிதானமாக, “நேத்து கடையில கேட்டோமே... என்னா ஆட்டம்!” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு மணி நேரம் சைக்கிள் கிடைத்தது, வாடகை இல்லாமல்.

மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4–1 என்று வென்றது. இந்தியாவின் அந்த ஒற்றைப் புள்ளியும் சாதாரணமானதல்ல. நியூகோம், ரோச் என்ற பெரிய இரட்டையர் ஜோடியைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் தோற்கடித்து வாங்கியது அது. ஆனால் பூந்தமல்லியில் மெல்போர்ன் பேச்சு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. கல்கத்தா பேச்சு அடங்கவில்லை. நைனா வாயில் அந்த நான்காவது செட் வருடா வருடம் வளர்ந்தது. பந்து பந்தாகச் சொல்வார். அவர் கேட்காத பந்துகளைத்தான் அதிகம் சொன்னார்.

இனி நாற்பத்து நான்கு வருடம் தாண்டுவோம். 2010 செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை. அதே டேவிஸ் கோப்பை, அதே பிரேசில். இந்த முறை இடம் கல்கத்தா இல்லை, நம்ம நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம். உலகப் பிரிவு என்ற மேல்வரிசையில் அடுத்த வருடம் யார் நிற்பது என்பதற்கான மோதல். மூன்று நாளுக்கும் டிக்கெட் வாங்கியிருந்தேன். காலையில் பூந்தமல்லியில் 25ஜி பிடித்தால் போரூர், வளசரவாக்கம், வடபழனி, கோடம்பாக்கம் வழியாகக் கொண்டுபோய் இறக்கிவிடும்.

செப்டம்பர் வெயில் நமக்கே ஆகாது. சிமெண்ட் படியில் பேப்பர் விரித்து உட்கார்ந்தால் பேப்பரும் சுடும். பக்கம் மாறும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் நனைந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்தார்கள். ரோஹன் போபண்ணா, உலகத் தரவரிசையில் முதல் முப்பதுக்குள் இருந்த தாமஸ் பெலூச்சியுடன் ஐந்து செட் ஆடினார். ஐந்தாவது செட்டுக்கு அப்போதும் டேவிஸ் கோப்பையில் டைபிரேக்கர் கிடையாது. அது 10–8 என்று பெலூச்சிக்குப் போனது. சோம்தேவ் தேவ்வர்மனும் ரிக்கார்டோ மெல்லோவிடம் ஐந்து செட்டில் தோற்றார். கணக்கு சைபருக்கு இரண்டு. இன்னும் ஒன்று போனால் எல்லாம் போச்சு.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தது. இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான், கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறவன்.

“ஏன் அங்கிள், நீங்க போகலையா?”

“செத்த பாம்பை அடிக்க எதுக்குடா அவ்ளோ தூரம்?”

“ரெண்டு மேட்ச்தானே அங்கிள்? ஹாஃப் டைம்ல இருவது பாயின்ட் பின்னாடி இருந்து நாங்க ஜெயிச்சிருக்கோம்.”

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னது ராத்திரியெல்லாம் மண்டையைக் குடைந்தது. கூடைப்பந்து நமக்கு அந்நியமில்லை. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதைக் கண்டுபிடித்தார். அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அந்தக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் இருக்கிறது.

அந்த விளையாட்டில் பின்தங்கியவனுக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒருவர் எதிரணி, இன்னொருவர் கடிகாரம். 2008இல் அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸ் அணியிடம் கான்சஸ் ஒன்பது புள்ளி பின்தங்கி நின்றது. மிச்சம் இருந்தது இரண்டு நிமிடம், சில விநாடிகள். வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தினார்கள். மெம்ஃபிஸ்காரர்கள் ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டார்கள். கடைசி இரண்டு விநாடி இருக்கும்போது மாரியோ சால்மர்ஸ் மூன்று புள்ளிக்கு எறிந்த பந்து விழுந்து சமநிலை. கூடுதல் நேரத்தில் கான்சஸ் 75–68 என்று வென்றது.

டென்னிஸில் அந்தக் கடிகாரமே கிடையாது. முன்னால் நிற்பவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த முடியாது. 5–2 என்றாலும் சரி, 2–0 என்றாலும் சரி, கடைசிப் புள்ளியை அவனேதான் அடித்து வாங்க வேண்டும். வாங்காதவரை எதிரே நிற்பவன் தோற்கவில்லை. கூடைப்பந்தில் ரசிகன் எழுந்து போனால் கடிகாரத்தின் மேல் பழி போடலாம். டென்னிஸில் எழுந்து போனால் பழி நம் மேல்தான். இது 1966இல் நைனாவுக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி வரை தெரியவில்லை.

சனிக்கிழமை லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் மெலோ, சோவரெஸ் ஜோடியை நேர் செட்களில் முடித்தார்கள். ஒன்றுக்கு இரண்டு. அன்று சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று ஆரம்பித்து, மழை வருமா, பரீட்சை எப்போது என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் டிக்கெட் பேச்சை எடுத்தேன். பையன் புரிந்துகொண்டுவிட்டான்.

“குடுத்ததைத் திருப்பிக் கேப்பீங்களா அங்கிள்?” என்று கேட்டான். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. ஆனால் டிக்கெட்டும் வரவில்லை.

ஆக ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வீட்டில் டிவியில்தான் பார்த்தேன். சோம்தேவுக்கு எதிரே பெலூச்சி. சோம்தேவ் கல்லூரி டென்னிஸில் புடம்போட்டு வந்தவர். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரிகளுக்கான ஒற்றையர் பட்டத்தை வென்றவர். பெரிய சர்வீஸ் கிடையாது. ஆனால் ஓட்டம் நிற்காது. முந்தைய வருடம் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவின் ரிக் டி வோஸ்டிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, அடுத்த மூன்றையும் வென்று வந்த கால்கள் அவை. முதல் செட் டைபிரேக்கரில் சோம்தேவுக்கு. இரண்டாவதில் 4–0. பெலூச்சி வலைக்கு வந்து கையைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமையின் ஐந்து செட்டும் சென்னை வெயிலும் சேர்ந்து அவரை வாங்கிவிட்டிருந்தன. அன்று 10–8 என்று அவர் ஜெயித்தபோது நாம் தோல்வி என்று எழுதிக்கொண்டோம். உண்மையில் போபண்ணா அவர் உடம்பிலிருந்து எடுத்த கடன் அது, வசூலானது ஞாயிற்றுக்கிழமை.

இரண்டுக்கு இரண்டு. கல்கத்தாவில் நின்ற அதே கணக்கு. போபண்ணா இறங்கி மெல்லோவை 6–3, 7–6, 6–3 என்று முடித்தார். சைபருக்கு இரண்டில் இருந்து மூன்றுக்கு இரண்டு. டிவியில் ஸ்டேடியம் எழுந்து நின்றது. நானும் வீட்டுக்கூடத்தில் தனியாக எழுந்து நின்றேன். அந்தக் கூட்டத்தில் எங்கோ என் சீட்டில் எதிர்வீட்டுப் பையன் குதித்துக்கொண்டிருந்திருப்பான்.

அதற்குப் பிறகு இந்தியா டேவிஸ் கோப்பையில் சைபருக்கு இரண்டில் இருந்து மீண்டது 2018இல், சீனாவின் தியான்ஜினில். கடைசி இரண்டு ஒற்றையரையும் வென்ற ராம்குமார் ராமநாதன், பிரஜ்னேஷ் குணேஸ்வரன் இருவரும் சென்னைப் பிள்ளைகள். அன்றைக்கு நான் டிவியை அணைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

நைனா இப்போது இல்லை. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கல்கத்தா ஆட்டத்தைக் கடைசிப் பந்து வரை கேட்டதாகவே அவர் கடைசிவரை சொன்னார். நானும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, மனசுக்குள் மட்டும் சிரித்துக்கொள்வேன். ஆனால் 2010க்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும், “நுங்கம்பாக்கத்துலதான், வேற எங்க?” என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். வெயில் எப்படி இருந்தது என்றுகூடச் சொல்வேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் எதிர்வீட்டுப் பையன். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான், வாயைத் திறந்ததில்லை.

அவன் கல்யாணத்துக்கு மொய் கொஞ்சம் கூடுதலாகவே எழுதினேன்.

(அடுத்த வாரம்: 1974. இறுதிச் சுற்றுக்கு வந்தும் ஒரு பந்துகூட அடிக்காமல் இந்தியா கோப்பையை விட்டுக்கொடுத்த கதை.)