160 எழுத்துக்குள் ஒரு குழந்தை

ஒரு துளி ரத்தம் காகிதத்தில் காய்வதற்குச் சில மணி நேரம் போதும். அந்தத் துளி சொல்லும் சேதி பெற்றவளிடம் வந்துசேர, சாம்பியாவின் தென் மாகாணத்தில் ஒருகாலத்தில் சராசரியாக 66.8 நாட்கள் ஆனது.

பெரியவர்களுக்கு எச்.ஐ.வி. ரேபிட் டெஸ்ட் அரை மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடும். கைக்குழந்தையிடம் அது தோற்றுப்போகிறது. அந்தப் பட்டை தேடுவது கிருமியை அல்ல, உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளை. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கியிருக்கும். அதனால் குழந்தைக்கு டெஸ்ட் எடுத்தால் தெரியவருவது அம்மாவின் கதைதான். குழந்தையின் கதை தெரிய பி.சி.ஆர். வேணும். அந்த இயந்திரமோ லுசாகா, இந்தோலா போன்ற பெருநகரங்களில்தான் இருந்தது.

ஆகவே, குதிகாலில் ஒரு குத்து, வடிகாகிதத்தில் சில சொட்டு. 1960களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தைகளைச் சோதிக்கக் கண்டுபிடித்த வழி இது. காய்ந்த காகிதம் உறைக்குள் ஏறி நகரத்துக்குப் போகும். முடிவும் காகிதமாகவே அதே சாலையில் திரும்பி வரும்.

காத்திருக்க நேரம் இருந்தால் பரவாயில்லை. சிகிச்சை இல்லாவிட்டால், தொற்றோடு பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு வயதுக்குள் இறந்துபோகிறார்கள். உடனே மருந்து தொடங்கினால் சாவு 76 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் காட்டியது. மருந்து கையில் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்ற சேதிதான் வழியில் கிடக்கிறது.

2010-இல் சாம்பிய சுகாதாரத் துறையும் யுனிசெஃபும் 'முவானா' திட்டத்தைத் தொடங்கின. முவானா என்றால் குழந்தை. ஸ்மார்ட்போன் எல்லாம் இல்லை, சாதா பட்டன் போன்தான். ஆய்வகத்தில் முடிவு தயாரானதும் கிளினிக் ஊழியருக்கு எஸ்.எம்.எஸ். போகும். அவர் தன் ரகசிய எண்ணை அனுப்பினால் முடிவு வரும். செயலியின் பெயர் 'ரிசல்ட்ஸ்160'. 1985-இல் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர், தட்டச்சு இயந்திரத்தில் வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்து, ஒரு சேதிக்கு 160 போதும் என்று முடிவுசெய்தார். அந்த 160 தான் இது.

10 நிலையங்களில் பார்த்தார்கள். முடிவு கிளினிக்குக்கு வர ஆன 44.2 நாள் 26.7 ஆனது. தாயிடம் சேர ஆன 66.8 நாள் 35 ஆனது.

எஸ்.எம்.எஸ். நொடியில் வருமே, பிறகு ஏன் 26 நாள்? ரத்தம் இன்னும் சாலையில்தான் போகிறது. போன் சுருக்கியது திரும்பி வரும் பாதையை மட்டும். ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். கிளினிக்கிலிருந்து தாய் வரை, முன்பு 22 நாள் இடைவெளி, பிறகு எட்டு. அந்தக் கடைசித் தூரத்தில் என்ன மாறியிருக்கும்? "இன்னும் வரலம்மா" என்று இரண்டு தடவை கேட்டுத் திரும்பியவள் மூன்றாவது தடவை நடந்து வருவாளா? சீக்கிரம் வரும் சேதி, அவள் நம்பிக்கை தீர்வதற்குள் வந்துவிடுகிறது என்பது என் ஊகம்.

2016-இல் உலக சுகாதார நிறுவனம், கிளினிக் மேசையிலேயே சிறிது நேரத்தில் குழந்தைகளைச் சோதிக்கும் சிறு இயந்திரங்களுக்கு ஒப்புதல் தந்தது. அது இருக்கும் இடத்தில் சாலையும் வேண்டாம், எஸ்.எம்.எஸ்ஸும் வேண்டாம். தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.