ரயில் நுழையாத பள்ளத்தாக்கு: பழைய வான்படங்களில் கம்பம் சாலையும் தொடக்ககால மோட்டார் போக்குவரத்தும்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1928 நவம்பர் 20-இல். தேனி வட்டாரத்தின் நவீனப் போக்குவரத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர் இந்தத் தேதியைப் பிடித்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்தப் பாதை உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்கு வந்து, அங்கிருந்து மேற்கே போடிக்குப் போய் மலையடிவாரத்தில் நின்றுவிடுகிறது. தேனிக்குத் தென்மேற்கே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் பள்ளத்தாக்குக்குள் அது நுழையவே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து லோயர்கேம்ப் வரை ரயில் வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் கோரிக்கையாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டின் செழிப்பான பாசனப் பகுதிகள் பலவற்றில் மாட்டு வண்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே ரயில் ஒரு தலைமுறைக்கு மேல் ஆண்டது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த நடுப்படி இல்லை. பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் ஒரு நிலப்பரப்பு, மாட்டு வண்டியிலிருந்து நேரே பஸ்ஸுக்கும் லாரிக்கும் மாறியது. இந்த மாற்றம் நிலத்தின் மேல் விட்டுச்சென்ற தடங்களைப் பழைய வான்படங்களில் படிக்க முடியும் என்பதும், அப்படிப் படிக்க வண்டிகளைத் தேடாமல் வண்டிகள் நின்ற இடங்களையும் திரும்பிய இடங்களையும் தேட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வண்டியைத் தேடிப் பயனில்லை என்பதற்குக் காரணம் எளிய கணக்கு. 1:40,000 அளவில் எடுத்த செங்குத்துப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 40 மீட்டர். ஏழு மீட்டர் நீளமுள்ள பழைய பஸ் அதில் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாகத் தேறாது. படச்சுருளின் மணித்துகளா பஸ்ஸா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இங்கிலாந்தில் 1919-இல் தொடங்கிய ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் தாழப் பறந்து சாய்வாக எடுத்த நகரப் படங்களில் காரின் வடிவத்தைக்கூடக் கண்டுகொள்ளலாம். அந்தப் படங்களுக்காக உருவான வாசிப்பு முறையை அப்படியே இங்கே இறக்கினால் ஏமாற்றமே மிஞ்சும். நம் பள்ளத்தாக்குக்குப் பொருந்துவது உயரத்திலிருந்து எடுத்த அளவைப் படங்களும், அவற்றுக்கு அடுத்ததாக அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களும்தான். 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்ட கொரோனா படங்கள் 1995 பிப்ரவரியில் பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்டன. அந்த வரிசையில் கடைசியாக வந்த கேஎச்-4பி காமிரா 1.8 மீட்டர் வரை பிரித்துக் காட்டும். அதில் சாலை தெரியும், சாலையோர மரவரிசை தெரியும், கூரைகள் தெரியும். சர்வே ஆஃப் இந்தியாவின் வான்படங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் கெடுபிடிக்குள் இருந்தன; 2021-இன் புவியிடத் தரவு நெறிமுறைகள் வந்தபிறகே அந்த இறுக்கம் தளரத் தொடங்கியது.

படம் கைக்கு வந்ததும் முதல் வேலை இடம் காண்பது. இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. பத்தாவது அட்சக்கோடு தேனி நகரை ஒட்டித் தெற்கே போகிறது. நிலவரைபடத் தாள்களும் அந்தக் கோட்டில்தான் பிரிகின்றன. தேனியும் போடியும் 58 எஃப் தொகுதியில். வீரபாண்டி தொடங்கிக் கூடலூர் வரை 58 ஜி-யில். படங்களை ஒட்டிச் சேர்க்கும்போது பிசகு விழுவது பெரும்பாலும் ஓரங்களில்தான். மாவட்டத்தின் மிக முக்கியமான சாலைச் சந்திப்பு அப்படியொரு ஓரத்தில் அமைந்திருப்பதால், தேனியிலிருந்து அளக்கத் தொடங்குவதைவிட, பள்ளத்தாக்கின் நடுவில் ஐயத்துக்கு இடமில்லாத ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கே வருவது நல்லது. ஆற்றங்கரையில் ஒட்டி நிற்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில், ஊரைவிட்டு விலகி வயலுக்கு நடுவே இருக்கும் சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர் கோயில், பெருமாளும் சிவனும் ஒரே வளாகத்தில் இருக்கும் கம்பராயப்பெருமாள் கோயில் ஆகியவை அதற்கு உதவும். கண்மாய்கள் இன்னும் நம்பகமானவை. கரை ஒருபக்கம் வில்லாக வளைந்து, மறுபக்கம் நீர் நிலத்தோடு கரைந்துபோகும் அந்த வடிவத்தை வேறெதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

அடுத்தது நிழல். தேனி இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். மேகமில்லாத தை, மாசியில் எடுத்த படத்தை வடக்கு மேலே வைத்துப் பார்த்தால் நிழல் பார்ப்பவரை விட்டு விலகி விழுகிறது. அப்போது கண் ஏமாந்து மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். கிழக்கே வருசநாட்டு மலை, மேற்கே ஏலமலை என்று இருபுறமும் சுவர்போல் எழும் இந்த நிலத்தில் இந்த மயக்கம் கடுமையானது: மலையேறும் சாலை ஓடைக்குள் இறங்குவதுபோல் தெரியும். படத்தைத் தலைகீழாக, தெற்கு மேலே வரும்படி வைத்துக்கொண்டால் நிலம் சட்டென்று சரியாகிவிடும். கையேடுகளில் ஒரே வரியில் கடந்துபோகும் இந்தச் செய்தியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், மலைச்சாலைகளைத் தவறாக அடையாளம் காண்பதில் பெரும்பகுதி இங்கே தொடங்குகிறது என்பதே.

காலம் கணிக்க மூன்று பெரிய அடையாளங்கள் இருக்கின்றன. ரயில்கரை இருந்தால் படம் 1928-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. லோயர்கேம்ப் மலைச்சரிவில் பெரியாறு மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்கள் வெளிறிய இணைகோடுகளாக இறங்குவது தெரிந்தால், அது 1950-களின் கடைசி அல்லது அதற்குப் பிந்தியது. 140 மெகாவாட் திறனோடு திட்டமிட்ட அந்நிலையத்தின் நான்கு இயந்திரங்கள் 1958-க்கும் 1965-க்கும் இடையே ஓடத் தொடங்கின. ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணையின் நீர்ப்பரப்பு விரிந்திருந்தால் 1959-க்குப் பிந்தியது.

இந்த மூன்றில் சிக்கலானது ரயில்கரை. போடிப் பாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942-இல் நிறுத்தப்பட்டு, 1953–54-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. தண்டவாளமும் கட்டையும் உயரத்திலிருந்து தெரிவதில்லை. தெரிவது மண்கரையும் சரளையும் சிறுபாலங்களும் மட்டுமே. ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரை கரைதான். ஆகவே கரையைக் கண்டதும் ரயில் ஓடிய காலம் என்று முடிவுகட்டுவது பிழை. இந்த இடத்தில் நம் காலமே ஓர் அரிய துணையைத் தந்திருக்கிறது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக அதே தடம் 2010 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டு, 2022 மே 26-இல் தேனி வரையும் 2023 ஜூன் 15-இல் போடி வரையும் திறக்கப்பட்டது. ஒரே தடத்தில் ரயில் இல்லாத இரண்டு நீண்ட இடைவெளிகள்! இரண்டாவது இடைவெளிக்கு ஆண்டுவாரியாகத் துல்லியமான செயற்கைக்கோள் படங்கள் உண்டு. கைவிட்ட கரையில் முள்செடி எப்படி ஏறுகிறது, கரைமேல் மாட்டுத்தடமும் நடைபாதையும் எவ்வளவு சீக்கிரம் விழுகின்றன, நிலைய முற்றம் எப்படி நிறம் மாறுகிறது என்பதை அவற்றிலிருந்து படித்துக்கொண்டு, அந்தப் படிப்போடு 1940-களின் படத்துக்குத் திரும்பலாம். அகலப்பாதை வேலை சூடுபிடித்தபின் கரையின் உருவமே மாறிவிட்டதால், இந்த ஒப்பீட்டுக்கு மூடிய பிறகு வந்த முதல் சில ஆண்டுகளையே பயன்படுத்த வேண்டும்.

இனி சாலை. தொடக்ககால மோட்டார் வண்டி தனக்கென்று சாலை போட்டுக்கொண்டு வரவில்லை. பெரியாறு அணை கட்டிய 1887–1895 காலத்தில் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்திலிருந்து சாமான்கள் மாட்டு வண்டிகளில் பள்ளத்தாக்கின் நெடுகப் போய்ச் சேர்ந்ததை ஏ. டி. மெக்கன்சியின் 1899-ஆம் ஆண்டு நூல் பதிவுசெய்கிறது. அந்த வண்டிச்சாலைதான் மோட்டாருக்கும் வாய்த்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரம் நொறுக்கிய கப்பிச்சாலை, லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் இவற்றின் மேல்தான் காற்றடைத்த டயர் ஓடியது. மதுரை வட்டாரத்தில் பஸ் போக்குவரத்தை நிலைநிறுத்திய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம், காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்கியது பலரும் அறிந்த செய்தி.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்தப் புழுதிச் சாலைகள் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள். தார் போட்டபின் கோடு மங்கிச் சாம்பல் நிறமாகிறது. சமவெளியில் வண்டித்தடம் ஈரத்துக்கும் பள்ளத்துக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் பல இழைகளாகப் பிரிந்து சேரும். மோட்டார் ஓட ஓட இழைகள் ஒன்றாகி, இருமருங்கும் புளியமரங்களின் கரும்புள்ளி வரிசை மட்டும் நிற்கும். மலைச்சாலையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. பொதிமாட்டுப் பாதை சரிவை நெருக்கமான கோணல்களில் செங்குத்தாக ஏறிவிடும். மாட்டு வண்டி நின்ற இடத்திலேயே ஏறக்குறைய திரும்பிவிடும் என்பதால் வண்டிச்சாலையின் திருப்பங்கள் முறுக்கலானவை. பஸ் அப்படித் திரும்பாது. அதற்காகக் கொண்டைஊசி வளைவைச் சரிவுக்குள் குடைந்து அகலப்படுத்தும்போது வெட்டிய மண் கீழே சரிந்து, ஒவ்வொரு வளைவின் அடியிலும் விசிறிபோல் ஒரு வெள்ளைத் தழும்பு விழுகிறது. செடி மூடும்வரை சில ஆண்டுகள் அந்தத் தழும்பு படத்தில் தெரியும். மோட்டார் மலையேறியதற்கு இதைவிடத் திட்டமான சான்று வான்படத்தில் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். குமுளி மலைச்சாலை அகலமானது பஸ்ஸுக்காகவா, 1950-களில் மின்நிலையத்துக்கான ராட்சதக் குழாய்களையும் இயந்திரங்களையும் ஏற்றிச் செல்லவா? மறுப்பு நியாயமானது. லோயர்கேம்பிலிருந்து இரைச்சல்பாலம் வழியாகக் குமுளிக்கு ஏறும் சாலையில் மூன்று காலத்து வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அதனால் குமுளியை முதல் சாட்சியாக அழைக்கக் கூடாது. மின்திட்டத்தோடு தொடர்பில்லாத போடிமெட்டு, கம்பம்மெட்டு மலைச்சாலைகள்தான் தகுந்த சாட்சிகள். போடிப் பக்கம் இன்னொரு கோடும் ஒப்பிடக் கிடைக்கிறது: மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கிய கம்பிவடப் பாதை. சரிவு எதுவானாலும் அது நேர்கோடாகவே போகும். சாலை ஒருபோதும் அப்படிப் போகாது. கொட்டகுடியிலிருந்து பெட்டிகள் மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் மேலே குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துப்போனதோடு அந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு முறிந்தது.

நின்ற இடங்களுக்கு வருவோம். வண்டிப்பேட்டையை மேலிருந்து கண்டுகொள்வது கடினமன்று: ஊர் நுழைவில் சாலையை ஒட்டி மிதிபட்டு வெளுத்த வெறுந்தரை, ஓரிரு பெரிய மரங்கள், ஒரு கிணறு. பஸ் வந்தபிறகு அந்த வெறுந்தரையின் விளிம்பில் நீளவாக்கில் கூரைகள் முளைக்கின்றன; தரை முக்கோணமாக அல்லது முட்டை வடிவாக மாறுகிறது, ஏனென்றால் பஸ் பின்வாங்காமல் சுற்றித் திரும்ப வேண்டும். இந்த உருமாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதே என் பார்வையில் மையக் கேள்வி. அது 1942-க்கும் 1954-க்கும் இடையே வேகம்பிடித்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அதன் முற்பகுதி பெட்ரோல் பங்கீட்டுக் காலம். பஸ்களின் பின்னால் கரிவாயுக் கலன் பூட்டி ஓட்டினார்கள். அந்தக் கலன்களைச் சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்தது. கரிவாயுவில் இழுவை குறையும், அடிக்கடி நின்று கரி போட வேண்டும், சாம்பல் தள்ள வேண்டும். ரயிலும் இல்லாத அந்நாளில் போடி ஏலக்காயும் கம்பம் நெல்லும் மதுரை போக, இப்படி நின்று நின்று போகும் வண்டிகளையும் மாட்டையும் விட்டால் வழியில்லை. நிற்கும் இடங்கள் பெருகி நிலைபெற்றது அப்போதுதான் என்பதே பொருத்தமான விளக்கம்.

தேனி நகரின் உருவமும் இதையே சொல்கிறது. ரயில் வளர்த்த ஊர் நிலையத்தைச் சுற்றித் திரளும். தேனியோ மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் கூடும் இன்றைய நேரு சிலைச் சந்திப்பிலிருந்து மூன்று கைகளாக நீண்டிருக்கிறது. கம்பம் சாலைக் கை போடி விலக்கில் மறுபடி கிளைக்கிறது. பழைய அல்லிநகரத்தின் நெருக்கமான தெருப்பின்னல் இந்தக் கைகளோடு சேராமல் தனியே தெரிகிறது. ரயில் தேனிக்குச் சந்தைப் பெருமையைக் கொடுத்ததை நான் மறுக்கவில்லை; ஊருக்கு உருவம் கொடுத்தது சாலைதான். 1960-களின் கொரோனா படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்து இந்தக் கூற்றைச் சோதிக்கலாம். கைகளின் நீளம் நிலையத்திலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்து மாறினால் என் வாதம் விழும்.

கடைசியாக, மோட்டார் ஏறாத மலைகள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்றுக்கும் சாலை வந்தது. தேவாரத்துக்கு மேற்கே சாக்குலூத்து மெட்டுக்கும், கோம்பைக்கு மேலே ராமக்கல் மெட்டுக்கும் ஏறிய நடைபாதைகள் பாதைகளாகவே நின்றன. முறுக்கலான பழைய கோணல்கள் மேல் எந்தக் காலத்து வெட்டும் விழாததால், மோட்டாருக்கு முந்திய மலைப்பாதை எப்படி இருந்தது என்பதற்கான ஒப்பீட்டுத் தடங்கள் இவையே; மற்ற மூன்று மலைகளில் மாறியது எது என்பதை இவற்றை வைத்துத்தான் அளக்க முடியும். சாக்குலூத்துப் பாதைக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குத் தேவாரத்துத் தொழிலாளர்கள் ஜீப்பில் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இன்றும் சுற்றித்தான் போகிறார்கள். சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டு அந்த ஊர்கள் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துவருகின்றன.