பிரனேசியின் கற்பனைச் சிறைகள்

சிறை என்றவுடன் நான்கு சுவர்களும் தாழ்ந்த கூரையும் இரும்புக் கதவும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஜோவான்னி பட்டிஸ்டா பிரனேசி வரைந்த சிறைகளிலோ ஓங்கிய வளைவுகளும் முடிவில்லாப் படிக்கட்டுகளும் அந்தரத்துப் பாலங்களுமே நிறைந்துள்ளன. எல்லைச்சுவரைத் தேடினால் வளைவுக்கு அப்பால் மற்றொரு வளைவே தெரிகின்றது. இத்துணை வெளியிருந்தும் அவை சிறைகளானது எவ்வாறு?

1720இல் வெனிசுக்கருகே கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த பிரனேசி, நீர்ப்பணிப் பொறியாளரான தாய்மாமனிடம் கட்டடக்கலை பயின்றார். மண்டபத்தை நேராகக் காட்டாது கோணத்தில் சாய்த்து, அதன் எல்லையை மறைக்கும் மேடை ஓவிய முறையை அக்காலத்து நாடக அரங்குகளில் பிபியேனா குடும்பத்தார் பரப்பியிருந்தனர். இச்சிறைகளின் வித்து அதுவே எனலாம். 1740இல் உரோம் சென்ற பிரனேசிக்குக் கட்டடம் எழுப்பும் வாய்ப்பு நெடுநாள் கிட்டவில்லை. கல்லில் கட்ட இயலாததைச் செப்புத் தகட்டில் கட்டினார்.

தகட்டின்மீது மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய கோடுகள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளங்களில் மையிட்டு அச்சிடுவர். இம்முறையில் 1750ஐ ஒட்டி 14 படங்கள் வெளிவந்தன. அவற்றில் கோடுகள் மெல்லியவை. விரைந்து எழுதிய கனவு போன்றவை.

1761இல் பிரனேசி அதே தகடுகளை மீண்டும் கையிலெடுத்தார். செம்பில் கோட்டைக் கூட்டுதல் எளிது. அழித்தலோ சுரண்டித் தேய்க்கும் கடும்பணி. கோடுகள் கூடக்கூட இருள் அடர்ந்தது. படிகளும் சங்கிலிகளும் வதைக்கருவிகளும் பெருகின. படங்கள் 16 ஆயின. மூன்றாண்டு கழித்து, 1764இல், சித்திரவதையைக் கண்டித்து இத்தாலியரான பெக்காரியாவின் நூல் வெளிவந்தது. ஓவியர் அக்கருத்தை முன்னுணர்ந்தார் என்று நாம் சொல்வதற்கில்லை. எனினும், தண்டனையின் பெருமிதத்தின்முன் மனிதன் எத்துணைச் சிறியவனாகின்றான் என்பதை அப்படங்களின் எறும்பனைய உருவங்கள் காட்டுகின்றன.

ஆங்கில எழுத்தாளர் டி குவின்சி இப்படங்களைக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொல்லக் கேட்டே 1821இல் எழுதினார். படியேறும் பிரனேசியையே அங்குக் கண்டதாக அவர் வருணிக்கின்றார். ஏறிமுடிந்த இடத்தில் மற்றொரு படி, அதிலும் அதே மனிதர்! படங்களில் அவ்வாறு ஓவியரின் உருவம் இல்லை. ஆயினும் அவ்வருணனை படங்களின் உட்பொருளைத் தொட்டுவிட்டது. பூட்டினால் மட்டும் சிறை அமைவதில்லை. எத்துணை ஏறினும் வெளியேற வழியில்லாத இடமும் சிறையே அன்றோ!