கேமராவின் திறனும் எல்லையோர உடல்களும்

ஸ்மார்ட்போன் கேமராக்களை ஒப்பிடும் எழுத்துக்கு இன்று ஒரு நிலைத்த வடிவம் வந்துவிட்டது. 2007-இல் வந்த முதல் ஐபோனில் 2 மெகாபிக்சல். ஃபிளாஷ் கிடையாது, வீடியோ கிடையாது. 2010-இல் முன்பக்கக் கேமரா. 2019-இல் இரவுப் படம். 2023-இன் ஐபோன் 15-இல் 48 மெகாபிக்சல். எண் ஏறுவதே வரலாறு என்று நம்பவைக்கும் பிரதி இது. உண்மையில் 48 என்பதும் அப்படியே படமாகிவிடுவதில்லை. நாலு புள்ளியைச் சேர்த்து ஒண்ணாக்கியும் கருவி படம் தருகிறது. இரவுப் படம் என்பதும் அடுத்தடுத்து எடுத்த பல படங்களைக் கணக்குப்போட்டு ஒட்டியது. ஆக, திறன் என்று நாம் சொல்வது கண்ணாடி வில்லைக்குள் மட்டும் இல்லை.

இதே வருடங்களை ஓசூரில் நின்று வாசித்தால் வேறொரு அட்டவணை கிடைக்கிறது. எழுபதுகளில் சிப்காட் வந்த ஊர். 1984-இல் தொடங்கிய டைட்டன் கைக்கடிகாரம் செய்த ஊர். அந்த மண்ணில் இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோனின் உடற்கூடு செய்கிறது. வேலையில் பெரும்பகுதி பெண்கள். ஜார்க்கண்ட், ஒடிசா என்று தொலைவிலிருந்தும் வந்தவர்கள்.

2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தது. எல்லாக் கேமராவுக்கும் இரவுப் பார்வை கிடைத்தது. அதே டிசம்பர் 12-இல், கிருஷ்ணகிரி எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் நரசாபுராவின் விஸ்ட்ரான் ஆலையில் கூலிப் பாக்கிக்காகத் தொழிலாளர்கள் வெடித்தார்கள். நூறுக்கும் மேற்பட்டோர் கைது. அடையாளம் காட்டியது கண்காணிப்புக் கேமரா. 2023-இல் அந்த ஆலை டாடா கைக்கு மாறியது. 2024 செப்டம்பர் 20-இல் ஐபோன் 16 விற்பனைக்கு வந்தது. 28-ஆம் தேதி ஓசூர் ஆலையில் தீ, உற்பத்தி நின்றது. 2025 நவம்பரில் நாகமங்கலம் அருகே அந்த ஆலைப் பெண்களின் விடுதியில், குளியலறையில் ஒளித்துவைத்த கேமரா ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பெண்கள் பெருந்திரளாக வெளியே வந்து போராடினார்கள்.

கேமரா முன்னேறியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதன் கூட்டைச் செய்கிற பெண் அதற்குள் எப்படி வருகிறாள்? ஒன்று, கண்காணிக்கப்பட வேண்டிய உடலாக. இல்லையென்றால், திருடப்பட்ட உடலாக. விளம்பரத்தில் சிரிக்கும் முகம் அவளுடையது இல்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலம் நடுகல்லின் நிலம். விழுந்தவன் பேரையும் எந்தச் சண்டையில் விழுந்தான் என்பதையும் கல் சொல்லும். செதுக்கினவன் பேரைப் பெரும்பாலும் சொல்லாது. கருவியைச் செய்தவரை மறைப்பது புதுசு இல்லைதான். புதுசு என்னவென்றால், இன்று செய்தவரின் கையிலும் ஒரு கேமரா இருக்கிறது. நரசாபுராவும் நாகமங்கலமும் தொழிலாளர்களின் சாதாரணப் போனிலும் பதிவாயின. மங்கலான, ஆடுகிற படங்கள். எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

கேமராவின் திறனை அளக்கவேண்டும் என்றால் அந்தப் படங்களிலிருந்து தொடங்குவோம். எத்தனை பிக்சல் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கப்படுகிறார்கள் என்பதே முதல் கேள்வி.