கிந்தனார் காலட்சேபமும் உடுமலையாரின் முத்தமிழ் நெறியும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துப் போற்றும் நாம், கல்விக்கூடங்களில் இயல் ஒன்றையே பெரிதும் பயில்கின்றோம். பாடப்பட்டனவும் ஆடப்பட்டனவும் ஏட்டில் ஏறிய பின்னரே நம் ஆராய்ச்சிக்கு உரியனவாகின்றன. இக்குறையால் உரிய இடம் பெறாத படைப்புகளுள் ஒன்று, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்காக உடுமலை நாராயணகவி இயற்றிய கிந்தனார் கதாகாலட்சேபம். அதனைத் திரைப்பட நகைச்சுவைத் துணுக்கு என ஒதுக்குவாரும் உளர். அது பொருந்தாது என்பதே நம் கருத்து.

நாராயணகவி 1899இல் உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள பூளவாடியில் பிறந்தார். 2009இல் அமைக்கப்பெற்ற திருப்பூர் மாவட்டத்துள் அவ்வூர் இன்று அடங்கும். பின்னலாடையால் இன்று உலகறிந்த திருப்பூர், விடுதலைப் போராட்டக் காலத்தில் கதருக்குப் பெயர் பெற்றிருந்தது. கவிராயரும் கதர்க்கடை நடத்தி இழப்புற்றவரே. முத்துசாமிக் கவிராயரிடமும் சங்கரதாசு சுவாமிகளிடமும் பயின்று நாடக மேடையில் வளர்ந்தவர் ஆதலின், சொல்லையும் மெட்டையும் அவர் வேறுபிரித்து எண்ணியவர் அல்லர்.

கிந்தனாரை அறிய நந்தனாரை அறிதல் வேண்டும். சேக்கிழார் திருநாளைப்போவாராகச் சுருங்கப் பாடிய அடியாரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் விரிந்த இசைக்கதையின் தலைவராக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டையாகிய வேதியர் அங்கேதான் தோன்றுகிறார்; தில்லை செல்ல விடை வேண்டிப் பண்ணையாள் நிற்கும் அவலமும் அங்கேதான் விரிகின்றது. காலட்சேப மேடைகள் இக்கதையை ஊர்தோறும் பரப்பின. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராயினர். ஆகவே, இக்கதையும் இதனைச் சொல்லும் முறையும் எழுத்தறியா மக்களுக்கும் மனப்பாடம்.

அம்மனப்பாடமே உடுமலையாரின் கருவி. நந்தன் காண விழைந்தது தில்லை. கிந்தன் காண விழைவது பள்ளிக்கூடம். நந்தன் தீயில் மூழ்கிய பின்னரே கோயிலுள் புக முடிந்தது. தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த கிந்தனோ நகரம் சென்று கற்றுப் பள்ளி ஆய்வாளனாகத் தன் ஊருக்குத் திரும்புகிறான். தலைவன் பெயரிலேயே ஓரெழுத்து மாற, பத்திக்கதை கல்விக்கதையாகிறது. 1949இல் அண்ணாதுரையின் எழுத்தில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணரே பாகவதராகி இதனை நிகழ்த்தினார். காலட்சேபத்தின் நீட்டலும் இழுப்பும், பாட்டுக்கு இடையே வரும் பேச்சும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் தலைகீழாக நிற்கிறது.

நகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். இங்கு எள்ளப்படுபவர் யார்? பிற்காலத்தில் விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ புகழ்பெற்ற திரைப்படங்களைத் திரித்துக் காட்டியபோது, அப்படங்களே நகைக்கு இலக்காயின. கிந்தனாரில் நந்தனார் இலக்கல்லர். அவரை வாயிலில் நிறுத்திய உலகமே இலக்கு. முறை ஒன்றாயினும் நோக்கம் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் சுட்டுதல் திறனாய்வுக்கு அழகன்று.

கிந்தனாரை அச்சில் மட்டும் படிப்பவர் அதில் பாதியையே பெறுவர். தெரிந்த நடையில் தெரியாத செய்தி வந்து விழும்போது பிறக்கும் சிரிப்பைத் தாள் தராது. மூலநூலுக்கே இந்நிலை நேர்ந்ததுண்டு. நந்தனார் சரித்திரத்தின் சொல்லமைப்பில் இலக்கண வழுக்கள் கண்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் உடன்படவில்லை. பின்னர் ஒருநாள் பாரதியார் அப்பாடல்களைப் பாடக் கேட்டுக் கண்ணீர் மல்கினார், பாயிரமும் அளித்தார்.