மிஷோவின் மெஸ்கலின் ஓவியங்கள்

பிரெஞ்சுக் கவிஞரும் ஓவியருமான ஆன்றி மிஷோ (1899–1984), மெஸ்கலின் என்னும் மனமயக்கப் பொருளை உட்கொண்டு பெற்ற அனுபவத்திலிருந்து 1950களின் நடுவில் தொடங்கிச் சில ஆண்டுகள் வரைந்த கோட்டோவியங்கள் மெஸ்கலின் ஓவியங்கள் எனப்படுகின்றன. இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நூல்கள் நான்கு: ‘இழிந்த அற்புதம்’ (1956), ‘கொந்தளிக்கும் முடிவிலி’ (1957), ‘பாதாளங்கள் வழி அறிவு’ (1961), ‘மனத்தின் பெரும் சோதனைகள்’ (1966). போதை கலையை ஊற்றெடுக்க வைக்கும் என்ற நம்பிக்கைக்குச் சான்றாக மிஷோவைக் காட்டுவோர் உண்டு. முதல் நூலின் தலைப்பைப் பார்த்தாலே அந்த வழக்கில் அவர் நல்ல சாட்சி அல்லர் என்பது தெரியும்.

மெஸ்கலின், மெக்சிகோவிலும் டெக்சாஸின் தென்பகுதியிலும் வளரும் பெயோட்டே என்னும் முள்ளில்லாச் சிறு கள்ளியில் இருக்கும் வேதிப்பொருள். வீஷாரிக்கா போன்ற பழங்குடிகளுக்கு அந்தக் கள்ளி வழிபாட்டுக்குரியது. கேளிக்கைப் பொருள் அல்ல. ஜெர்மானிய வேதியியலாளர் ஆர்துர் ஹெஃப்டர் 1897இல் மெஸ்கலினைப் பிரித்தெடுத்துத் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். 1919இல் எர்ன்ஸ்ட் ஷ்பேட் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினார். அதன்பின் கள்ளியும் சடங்கும் இல்லாமல், மருந்துப் புட்டியிலிருந்தே அது மனநல மருத்துவர்களின் கைக்கு வந்தது. மூளையில் செரடோனின் ஏற்பிகளின் ஒரு வகையைத் தூண்டுவதன் மூலம் அது வேலை செய்கிறது. விளைவு அரை நாள்வரை நீடிக்கும். 1920களில் இதை ஆராய்ந்த ஹைன்ரிச் க்ளூவர், மயக்கத்தில் தோன்றும் உருவங்கள் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதில்லை; வலைப்பின்னல், சிலந்திவலை, சுரங்கம், சுருள் என்ற சில வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண்டார். கலைஞர்கள் அதிகம் பேச விரும்பாத கண்டுபிடிப்பு இது. மருந்து எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சித்திரத்தைத்தான் காட்டுகிறது.

மிஷோ மெஸ்கலினிடம் வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. பெல்ஜியத்தின் நமூரில் பிறந்து, இளமையில் கப்பலில் வேலை பார்த்து, எக்வடோர் சென்று வந்து நூல் எழுதியவர். 1930களின் தொடக்கத்தில் ஆசியாவெங்கும் சுற்றினார். அந்தப் பயணத்தில் பிறந்த ‘ஆசியாவில் ஒரு காட்டுமிராண்டி’ (1933) நூலில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. தலைப்பில் வரும் காட்டுமிராண்டி அவரேதான். படிக்க முடியாத எழுத்துகளைப் போன்ற குறிகளை 1927இலேயே மையால் எழுதிப் பார்த்தார். 1951இல் வெளிவந்த ‘அசைவுகள்’ என்ற நூல் முழுக்க, ஓடியும் துள்ளியும் திரியும் மைக்கறை மனிதர்கள். கால் நூற்றாண்டாக மையோடு பழகிய கை அது.

1955 ஜனவரியில், இதழாசிரியர் ழான் போலான், சுவிஸ் கவிஞர் எடித் புவாசொனாஸ் ஆகியோருடன் சேர்ந்து பாரிஸில் அவர் மெஸ்கலின் அமர்வுகளைத் தொடங்கினார். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்புதான், 1953 மே மாதம், ஆல்டஸ் ஹக்ஸ்லி லாஸ் ஏஞ்சலஸில் அதே மருந்தை உட்கொண்டு, பூச்சாடியிலும் கால்சட்டை மடிப்பிலும் பேரிருப்பைக் கண்டு, மறு ஆண்டே ‘புலனுணர்வின் கதவுகள்’ நூலை வெளியிட்டிருந்தார். மிஷோவுக்குக் கிடைத்தது அத்தகைய அமைதி அல்ல. கண்ணைப் பறிக்கும் வெண்மை, சகிக்க முடியாத வேகம், நிற்காத அதிர்வு, ஒன்றையே ஆயிரம் முறை சொல்லும் பிடிவாதம். மெஸ்கலின் காட்டும் வண்ணங்கள் அவருக்கு மலிவான அலங்காரமாகத் தோன்றி எரிச்சலூட்டின.

மயக்கத்தின் உச்சத்தில் அவரால் சரியாக எழுதக்கூட முடியவில்லை. அப்போது கிறுக்கிய தாள்களின் நகல்கள் ‘இழிந்த அற்புதம்’ நூலில் உள்ளன. தொடக்கத்தில் சொற்களாக இருப்பவை போகப்போக அலைகளாகவும் ஊசிமுனைகளாகவும் சிதறுகின்றன. ஓவியங்களின் பெரும்பகுதி பிறந்தது பிறகுதான். மருந்து இறங்கிய நாட்களிலும் வாரங்களிலும் அதிர்வு உடலில் மிச்சமிருக்க, அதைப் பேனாவுக்கு வரவழைத்து அவர் வரைந்தார். பலவற்றில் தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடும். அதன் இருபுறமும் மயிரிழைபோன்ற கோடுகள் நெருங்கி நெருங்கி அடர்ந்து, தாள் முழுவதும் நடுங்குவதுபோலிருக்கும். உற்றுப் பார்த்தால் முகங்கள் தென்படும். அடுத்த கணம் கோடுகளில் கரைந்துபோகும். பின்னாளில் மெஸ்கலின் ஓவியம் என்றால் எல்லோர் மனத்திலும் எழுந்த பளபளக்கும் நிறச்சுழல்கள் இவற்றில் அரிது. பெரும்பாலும் கறுப்பு மையும் வெள்ளைத் தாளுமே. அவர் வரைய முயன்றது, கண்ட காட்சியை அல்ல. அந்தக் காட்சிகளைத் துரத்திய வேகத்தை.

‘இழிந்த அற்புதம்’ நூலின் அச்சமைப்பும் அந்த வேகத்தைப் பிடிக்கும் சிக்கலோடு மல்லுக்கட்டுகிறது. முதன்மை உரை ஒரு பக்கம் நிதானமாக விவரித்துக்கொண்டு போக, ஓரத்தில் வேறொரு குறிப்பு இடைமறித்தும் முந்தியும் ஓடுகிறது. வாசகருக்கு இது தொல்லைதான். ஆனால் ஒரே நேரத்தில் நடப்பதை வரிசையாகச் சொல்லியாக வேண்டிய உரைநடைக்கு வேறு வழி எளிதில் தென்படவில்லை.

ஒருமுறை அளவைத் தவறாகக் கணக்கிட்டு, தனக்குப் போதுமானதைப் போல் ஆறு மடங்கை அவர் உட்கொண்டுவிட்டார். ‘இழிந்த அற்புதம்’ நூலின் மிகக் கடுமையான பகுதி இதுவே. வழக்கமாகக் காட்சிகளை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், இம்முறை தானே ஒரு கோடாகி, அந்தக் கோடும் முறிந்து சிதறுவதாக உணர்ந்தார். பைத்தியம் என்பதை உள்ளிருந்து அறிந்ததாகவே அதை அவர் விவரித்தார். மனநல மருத்துவர் ழுலியான் தெ அஜூரியகேர்ரா இந்தப் பதிவுகளை மருத்துவச் சான்றுகளாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்.

சுயத்தை அறிதல் என்று பார்த்தால், மிஷோவின் முடிவு வியப்பானது. மறைந்திருந்த உண்மையான ‘நான்’ எதையும் அவர் கண்டடையவில்லை. நினைப்பது, நினைவுகூர்வது, ஒரு வாக்கியத்தை முடிப்பது போன்ற சாதாரணக் காரியங்களுக்குள் எத்தனை நுண்ணிய செயல்கள் கவனிக்கப்படாமல் நடக்கின்றன என்பதை, அவை குலைந்தபோதுதான் அவர் கண்டார். ‘மனத்தின் பெரும் சோதனைகள்’ நூலின் அக்கறை முழுவதும் இந்த இயல்புநிலைமேல்தான். சைலோசைபின், கஞ்சா ஆகியவற்றையும் இதே நோக்கில் பரிசோதித்தார். மற்றபடி, தன்னைத் தண்ணீர் குடிக்கும் கட்சிக்காரர் என்றே சொல்லிக்கொண்டார்.

1963இல் சாண்டோஸ் மருந்து நிறுவனத்துக்காக எரிக் துவிவியே இயக்கிய ‘மாயக்காட்சி உலகின் படிமங்கள்’ என்ற படம், மெஸ்கலின், கஞ்சா இரண்டும் தரும் காட்சிகளைத் திரையில் காட்ட முயன்றது. மிஷோ அதில் பங்கேற்றார். ஆனால் உண்மையான வேகத்தையும் செறிவையும் எந்தப் படத்தாலும் எட்ட முடியாது என்று எச்சரித்தார். அதே ஆண்டு ‘இழிந்த அற்புதம்’ ஆங்கிலத்தில் வந்தது. அமெரிக்க இளைஞர் பண்பாட்டில் சைகடெலிக் பொருள்கள் பரவிய காலத்தில் அந்த நூல் புதிய வாசகர்களைப் பெற்றது. மெஸ்கலின் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின்படி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்; இந்தியாவிலும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது.

மிஷோ 1960இல் வெனிஸில் ஈராண்டுக்கொருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியில் பரிசு பெற்றார். 1965இல் பிரெஞ்சு அரசின் தேசிய இலக்கியப் பரிசை மறுத்தார். 1978இல் பாரிஸின் பொம்பிதூ மையத்தில் அவருடைய பெரும் கண்காட்சி நடந்தது. மெஸ்கலின் ஓவியங்களை மட்டும் கொண்ட கண்காட்சியை 2025இல் லண்டனின் கோர்ட்டோல்ட் காட்சியகம் நடத்தியது. அவற்றில் பல, கையடக்கமான தாள்கள்.